மூன்றாம் பம்பும் ஏழு பிரதிகளும்

ஒருவர் மீது முறைப்பாடு கிடைத்தால், அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அரச சேவையில் இது பாலபாடம். கந்தோரில் நான் இருந்த முப்பத்துமூன்று வருடங்களில் புதிதாக வந்து சேர்ந்த ஒவ்வொரு எழுதுவினைஞருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த விதியை மீறிய இரண்டு மேலதிகாரிகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியும் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, மோட்டார் சைக்கிள் டாங்கிக்குள் கிடக்கும் கைவிரல் நீளமான ஒரு வடிகட்டியின் பொருட்டு, அதே விதியை நானே மீறினேன்.

இது நடந்தது போன வருடம் மாசி மாதம். மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்குக் கிழக்கே எங்கள் வீடு. கரடியனாற்றுப் பக்கத்து வட்டையில் எனக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. நான் செய்வதில்லை, ஒருவர் செய்கிறார். ஆனால் அறுவடைக் காலத்தில் நான் போய் வரம்பில் நின்று பார்க்காவிட்டால் நெல் வெட்டுப்படாது என்று எனக்கு ஒரு எண்ணம். அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஏறாவூரைத் தாண்டி ஒரு எரிபொருள் நிரப்பு நிலையத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பெயர் வேண்டாம். நாங்கள் செட் என்று சொல்லும் அந்த இடத்தில் அன்றைக்கு நல்ல வரிசை. வெட்டு மெசினுக்கும் உழவு இயந்திரத்துக்கும் கான் கானாக டீசல் வாங்கப் பாதி ஊர் வந்து நின்றது.

மூன்றாம் பம்புக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் பலகை. இயந்திரத்தை நிறுத்தவும், புகைக்க வேண்டாம், கைத்தொலைபேசி பாவிக்க வேண்டாம் என்று இலக்கமிட்டு எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நாலைக் காணவில்லை. இப்படிப்பட்ட விடயங்களைப் பார்த்துவிட்டுச் சும்மா போகும் பழக்கம் என்னிடம் இல்லை. பெற்றோல் அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னேன். நாற்பது வயது மதிக்கலாம், நிலையத்தின் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தாள். நாலாம் இலக்கம் விடுபட்டிருக்கிறது, நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் அந்த நாலாம் விதிதான் கேள்விக்கு வரும் என்று விளக்கினேன். அவள் டாங்கி மூடியை என் கையில் தந்தாள்.

"நாலாவத நான் தேடி வைக்கிறன் ஐயா. நீங்க ஓரமா நிண்டு வாசிங்க, வரிசை நிக்கிது."

பின்னால் உழவு இயந்திரத்தில் இருந்த ஒரு மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர். நான் மூடியைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதை இங்கே எழுத வேண்டியதில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் எழுதாவிட்டால் பிறகு நடந்தது ஒன்றும் விளங்காது.

மறுநாள் காலை நகருக்குப் போகப் பாலத்தில் ஏறும்போது மோட்டார் சைக்கிள் விக்கியது. மெதுவாக ஓடினால் ஓடுகிறது. கொஞ்சம் முறுக்கினால் தொண்டையில் எதையோ பிடித்ததுபோல் நிற்கிறது. பாலத்தின் நடு உச்சியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. வாவியில் தோணிக்காரர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்துக் கைபிடியில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "என்ன ஐயா, காத்து வாங்கவா?" என்றார்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து டாங்கி மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஏதோ மினுங்கியது. மஞ்சளாக, நூல் நூலாக, பெற்றோலுக்குள் அசைந்தது. எனக்கு எல்லாம் ஒரே கணத்தில் தெளிவாகிவிட்டது. நேற்று எங்கே அடித்தது? அங்கே. யார் அடித்தது? அவள். நாலாம் இலக்கத்தையே தொலைத்தவர்கள் பெற்றோலைச் சுத்தமாக வைத்திருப்பார்களா?

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு மனநிறைவோடு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு விலாசமிட்டு, 'கலப்படம் செய்யப்பட்ட எரிபொருள் விநியோகம் தொடர்பாக' என்று தலைப்பிட்டு, "பொன்னிற மினுக்கமுடைய அந்நியப் பொருட்கள் டாங்கியினுள் அவதானிக்கப்பட்டன" என்று மூன்றாம் பந்தியில் போட்டேன். ஐந்தாம் பந்தியில் "மூன்றாம் பம்பில் கடமையிலிருந்த மேற்படி பெண் பணியாளரின் பொறுப்பற்ற நடத்தையும் இத்துடன் சேர்த்து நோக்கத்தக்கது" என்று முடித்தேன். கீழே பிரதிகள் ஏழு. செட் முதலாளிக்கு ஒன்று, பாவனையாளர் விவகாரத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, இப்படியே ஆறு. ஏழாவது, கோவைக்கு. கடிதப் பிரதிகளைக் கோத்து வைக்கும் அந்தக் கோவை எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

மனைவி தேத்தண்ணியோடு வந்து கடிதத்தை வாசித்தாள்.

"டாங்கியத் திறந்து அதென்ன சாமானெண்டு எடுத்துப் பாத்திட்டு எழுதினா என்ன?"

"அது விசாரணை செய்பவர்களின் வேலை."

"அப்ப அந்தப் புள்ளட்டயாவது ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

நான் கடித உறையில் முத்திரையை ஒட்டினேன். விடயத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்பது என் இன்னொரு பழக்கம்.

இரண்டு கிழமை கழித்து, பஸ்ஸில் அந்த வழியால் வரும்போது, விளைவு என்ன என்று பார்க்கச் செட்டில் இறங்கினேன். மூன்றாம் பம்பில் வேறொருவர் நின்றார். விசாரித்தேன். "அவவ நிப்பாட்டிட்டாங்க ஐயா. ஆரோ பெரிய ஆள் கொழும்புக்கு எழுதினதாம். விசாரணை முடியிற வரைக்கும் வர வேணாமெண்டு முதலாளி சொல்லிட்டார்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வந்தது பெருமை. முப்பத்துமூன்று வருடங்களில் என் கடிதம் ஒன்றுக்கு இரண்டு கிழமைக்குள் நடவடிக்கை எடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த பஸ் வரும்வரை "பெரிய ஆள்" என்ற சொல்லை மனதுக்குள் இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்த்தேன்.

ஆனால் மோட்டார் சைக்கிள் நடவடிக்கைக்கெல்லாம் அசையவில்லை. அது விக்கியபடியே இருந்தது. கம்பனி முகவரிடம் கேட்டேன். வடிகட்டி மட்டும் தனியாகத் தர மாட்டார்களாம், டாங்கிக்குள் இருக்கும் மோட்டாரோடு முழுத் தொகுதியாகத்தான் மாற்ற வேண்டுமாம், அதுவும் வரவழைக்க வேண்டுமாம். கடைசியில் காத்தான்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் அரைவாசி மூடிய ஒரு கடைக்குள் இருந்து வேலை செய்பவர். வேறொரு மாதிரியின் வடிகட்டி இதற்கு அளவாகப் பொருந்தும் என்று கையால் அளந்தே சொன்னார். வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார்.

நான் மோட்டார் சைக்கிளின் கைந்நூலில் வடிகட்டி மாற்றும் பகுதியை அச்செடுத்துக்கொண்டு போனேன். அவர் வேலை செய்யச் செய்ய நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து வாசித்தேன்.

"முதலாவது, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும்."

"கழட்டிட்டன் சேர்."

"இரண்டாவது, டாங்கியில் உள்ள எரிபொருளை வெளியேற்ற வேண்டும்."

"அந்தா வாளிக்குள்ள இரிக்கி."

"மூன்றாவது, டாங்கியைக் கழற்றித் துணி விரித்த மேசையில் தலைகீழாக வைக்க வேண்டும்."

"சேர், நீங்க வாசிச்சு முடிக்கங்குள்ள நான் பூட்டியும் குடுத்திருவன் போல இரிக்கி" என்றார் அவர். தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்த டாங்கியின் வயிற்றில் நட்டுகளைச் சுற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கதை கொடுக்க வேண்டுமே என்று, இது எல்லாவற்றுக்கும் காரணம் யார் என்பதைச் சொன்னேன். செட்டையும் பெண்ணையும் கடிதத்தையும் விவரித்து, ஏழு பிரதி போட்டதையும், இரண்டு கிழமைக்குள் அவளை நிறுத்தியதையும் சொன்னேன். அவர் கடைசி நட்டைக் கழற்றி, நண்டைக் கூட்டுக்குள் இருந்து எடுப்பதுபோலச் சரித்து வளைத்து அந்தத் தொகுதியை வெளியே எடுத்தார். அதன் அடியில், பெற்றோல் உறிஞ்சும் வாயில், ஒரு சிறிய துணிப்பை மாதிரி வடிகட்டி. அந்தப் பையைச் சுற்றி, கலியாண வீட்டுக் கும்பத்துக்கு நூல் சுற்றியதுபோல, தங்க நிறத்தில் பளபளவென்று ஏதோ சுற்றியிருந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், ஒங்கட டாங்கிக்குள்ள ஆருக்குக் கலியாணம்?"

விரலால் ஒரு இழையை உருவி எடுத்தார். சரிகை. அதோடு சேர்ந்து வந்தது ஒரு அரக்குச் சிவப்பு நூல்.

அந்தச் சிவப்பைக் கண்டதும் கைந்நூல் தாளை மடித்து வைத்தேன். அது எந்தச் சிவப்பு என்று எனக்குத் தெரியும்.

நாடெங்கும் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்த எரிபொருள் வரிசைக் காலத்தில், ஒரு கிழமைக்கு ஒருமுறை வாங்கும் கொஞ்சப் பெற்றோலைக் கானில் வைத்திருந்து ஊற்றுவோம். தூசு போகக் கூடாதென்று, புனலுக்கு ஒரு துணி கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் வேறு நல்ல துணியெல்லாம் பாவனையில் இருந்தது. பாவனையில் இல்லாதவை என் பொன்னாடைகள். ஓய்வு பெறும்போது எத்தனை சங்கம், எத்தனை பாடசாலை. அலுமாரியின் மேல் தட்டு முழுவதும் அவைதான். ஒருவருக்கும் உடுக்க முடியாது, ஒருவருக்கும் கொடுக்கவும் முடியாது, எறிந்தால் போர்த்தியவர் கண்ணில் படும். அதில் ஒன்றைக் கத்தரித்துப் புனலில் கட்டினேன். வரிசைக் காலம் முடிந்தும் நான் விடவில்லை. ஒரு கான் பெற்றோல் எப்போதும் வீட்டில் கையிருப்பு. களஞ்சிய ஒழுங்கின்படி பழைய இருப்பு முதலில் வெளியேற வேண்டும் என்பதால், மாதம் ஒருமுறை கானில் உள்ளதை டாங்கியில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பி வைப்பேன். ஊற்றுவது அதே புனலால். அதே பொன்னாடையால். வெட்டிய விளிம்பு பிரிந்து பிரிந்து மாதா மாதம் உள்ளே போயிருக்கிறது. வீட்டில் பெற்றோல் சேர்த்து வைப்பதே சட்டப்படி பிழை என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் முறைப்படி செய்தேன்.

"இது செட்டில இருந்து வந்ததாகவும் இருக்கலாம்" என்றேன். இந்த வசனத்தை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

"செட்டில பெற்றோலுக்குப் பொன்னாடையும் போத்துறாங்களா சேர்?" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். டாங்கியின் ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடினார். சரிகை சுற்றிய பழைய வடிகட்டியை ஒரு பத்திரிகைத் தாளில் வைத்தார். "ஜும்மாவுக்கு நேரமாயிட்டு. நான் தொழுதிட்டு வாறன். ஒண்டையும் தொட்டுராதீங்க. சும்மா யோசிச்சிட்டு இரிங்க."

காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை மதியம் தெருவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரம் ஊரே ஒரு பக்கம் போய்விடும். கடைகளின் கதவுகள் இறங்கின. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் தொடங்கியது. கடை வாசலில் நானும், கவிழ்ந்து கிடந்த டாங்கியும், பத்திரிகைத் தாளில் என் பொன்னாடையும். முன்னால் இரண்டடி தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வடிகான்.

யோசித்தேன். தாளைச் சற்றுச் சரித்தால் போதும். வடிகான் வாவிக்குக் கொண்டுபோய்விடும். மெக்கானிக் ஒருவர் சொல்வதை எந்த விசாரணையும் சாட்சியமாக எடுக்காது. நான் எத்தனையோ விசாரணை நடத்தியவன், எனக்குத் தெரியும். கடிதம் கடிதமாகவே இருக்கும். 'பொன்னிற மினுக்கமுடைய அந்நியப் பொருட்கள்' கொழும்பில் பத்திரமாக இருக்கும்.

அப்போது ஒரு காகம் வந்து தாளின் ஓரத்தில் இறங்கியது. சரிகையின் மினுக்கத்தைத் தலைசரித்துப் பார்த்தது. நான் அசையவில்லை. காகம் கொண்டுபோனால் அது என் பொறுப்பல்ல, இயற்கை அனர்த்தம். அது ஓர் இழையை அலகில் கவ்வி இழுத்தது. பெற்றோல் மணம் பிடிக்கவில்லை போலும், தலையை உதறி இழையைக் கீழே போட்டுவிட்டுப் பறந்தது. அதோடு எனக்கிருந்த கடைசி வழியும் போயிற்று. எச்சிலிலையைக் கிளறுகிற காகமே வேண்டாமென்று விட்டதை நான் செய்ய வேண்டுமா என்று தோன்றியது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மெக்கானிக் திரும்பி வந்து முதலில் பார்த்தது மேசையை.

"எங்க சேர் அந்தத் தங்கம்?"

பையைத் தொட்டுக் காட்டினேன். "கோவைக்கு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவர் புது வடிகட்டியைப் பூட்டத் தொடங்கினார். டாங்கி ஓட்டையில் வரும் இறப்பர் வளையத்தைத் திரும்பப் பாவிக்கக் கூடாது என்ற விதியை நான் வாசிக்க முதலே புது வளையத்தை எடுத்துவிட்டார். பின்னேரம் மோட்டார் சைக்கிள் கல்லடிப் பாலத்தில் பட்டம் போல ஏறியது. அந்தச் சந்தோசத்தை அனுபவிக்க முடியாத நிலையில் நான் அதன் மேல் இருந்தேன்.

அன்றிரவே இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தை வாபஸ் பெறுகிறேன், பிழை என்னுடையது, மேற்படி பணியாளருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. பொன்னாடை விடயத்தை மறைக்காமல் எழுதினேன். சரிகை நூல் கொஞ்சம் மாதிரியாக இணைத்தேன். அதே ஏழு பிரதிகள். மனைவி அதையும் வாசித்தாள். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி இரண்டு கரண்டி.

ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். பதில் இல்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய உத்தியோகத்தர் மிகவும் மரியாதையானவர். பதிவு செய்யப்பட்ட முறைப்பாட்டை முறைப்பாட்டாளர் வாபஸ் பெற முடியாது, அச்சுறுத்தலின் பேரில் வாபஸ் பெறுவதைத் தடுப்பதற்காக அப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றார். மிகச் சரியான ஒழுங்கு. எங்கள் திணைக்களத்தில் அதே மாதிரி ஒன்றை வரைந்தவன் நான்தான். நான் அச்சுறுத்தப்படவில்லை என்று சொன்னேன். அச்சுறுத்தப்பட்டவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். அதுவும் சரி.

முதலாளியிடம் போனேன். அவரும் நல்ல மனிதர். "சேர், நீங்க சொல்றது விளங்குது. ஆனா கொழும்பில இருந்து கடிதம் வந்துதான் நிப்பாட்டினது. கொழும்புக் கடிதம் வராம எடுத்தா நாளைக்கு என்னட்டக் கேப்பாங்க."

"நிறுத்தும்போது அந்தப் பெண்ணின் விளக்கத்தைக் கேட்டீர்களா?" என்றேன். கேட்டுவிட்டுத்தான் யார் யாரைக் கேட்கிறது என்பது உறைத்தது.

"நீங்க கேட்டீங்களா சேர்?" என்றார் அவர்.

அன்று பின்னேரம் தன்னாமுனையில் அவளுடைய வீட்டைத் தேடிப்பிடித்தேன். வாவிக்கரையை ஒட்டிய வளவு. கணவன் தோணியில் போயிருந்தான். அவள் முற்றத்தில் சாக்கு விரித்து, பெரிய சட்டி நிறைய இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் இப்போது வேலை. என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"வாங்க ஐயா. நாலாவது இலக்கத்தத் தேடி வந்தீங்களா?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகைத் தாளைப் பிரித்து வடிகட்டியைக் காட்டினேன். அவள் இறால் சட்டியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"உங்கட கடிதத்த முதலாளி எனக்கு வாசிச்சுக் காட்டினவர். நல்ல தமிழ். எனக்குப் பாதி விளங்கல்ல. அதில என்ட பேரும் இல்ல. மேற்படி, மேற்படி எண்டுதான் கிடந்திச்சு." ஒரு இறாலை உடைத்துச் சட்டியில் போட்டாள். "ஆறு வருசம் ஐயா. ஒருத்தருக்கு ஒரு சொட்டுக் குறைச்சு அடிச்சதில்ல. வேல போனாப் போகட்டும், கை இரிக்கு. சந்தைக்குப் போனா, அந்தா போறாள் பெற்றோலில கலக்கினவள் எண்டு சொல்றாங்க. அத நான் எந்தத் தண்ணியில கழுவுற?"

"நான் மறுத்து எழுதியிருக்கிறேன். ஏழு பிரதி" என்றேன்.

"அது கொழும்புக்குத் தெரியும். சந்தைக்குத் தெரியுமா?"

"நான் என்ன செய்ய வேண்டும்?"

அவள் யோசிக்கவே இல்லை. எத்தனையோ நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் போலும். "திங்கக்கிழமை காலம்பற, வரிசை நிக்கிற நேரம் வாங்க. மூண்டாம் பம்படியில நிண்டு சொல்லுங்க. நானும் வாறன்."

திங்கட்கிழமை வரை நான் நித்திரை கொண்டது குறைவு. ஒரு கூற்று எழுதினேன், ஒன்றரைப் பக்கம். போகும்போது மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். அவளை நான் கூப்பிடவில்லை. "இத நான் பாக்கத்தான் வேணும்" என்றாள்.

வரிசை நிறைந்திருந்தது. அந்தப் பெண் சாதாரணச் சட்டையோடு மூன்றாம் பம்புக்கு அருகில், ஒரு வாடிக்கைக்காரி மாதிரித் தள்ளி நின்றாள். நான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று தாளை விரித்தேன். "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கினேன். முன்னால் அன்றைக்குச் சிரித்த அதே உழவு இயந்திரக்காரர்.

"ஐயா, கடதாசிய மடிச்சு வெச்சிட்டு வாயால சொல்லுங்க. எங்களுக்கு வயலுக்குப் போகணும்."

மடித்தேன். தலைப்பும் பந்தி இலக்கமும் இல்லாமல் நான் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. இந்தப் பிள்ளை அடித்த பெற்றோலில் ஒன்றும் கலக்கவில்லை, கலந்தது என்னுடைய பொன்னாடை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியது நான், அன்றைக்கு எல்லாரும் சிரித்த கோபத்தில்தான் அவளையும் சேர்த்து எழுதினேன் என்று சொன்னேன். சரிகை சுற்றிய வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தேன். அது வெயிலில் நன்றாக மினுங்கியது. கானும் கையுமாக ஆட்கள் கிட்ட வந்து பார்த்தார்கள். வயதான ஒருவர் தொட்டுப் பார்த்து, "நல்ல சரிகை" என்றார்.

"இது என்னத்துக்குப் போத்தின பொன்னாடை ஐயா?" என்று உழவு இயந்திரக்காரர் கேட்டார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு உண்மை சொல்லத்தானே வந்தது.

"நேர்மையான சேவைக்கு" என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் எடுத்தது. என் மனைவி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எண்ணெய்ப் போத்தல் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். முதலில் உதட்டால், பிறகு தோள் குலுங்க. கண்ணைத் துடைத்தாள். அது முழுவதும் சிரித்து வந்த கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்து வெளியே வந்தார்.

"நாளையில இருந்து வா. ஆனா கடிதம் வாற வரைக்கும் தற்காலிகம்தான்."

அப்படி அவள் திரும்ப வந்தாள், தற்காலிகமாக. நான் கிழமைக்கு ஒருமுறை மூன்றாம் பம்பில்தான் அடிப்பேன். கானும் இல்லை, புனலும் இல்லை. போகும்போதெல்லாம் மூடியைத் தந்தபடியே கேட்பாள், "பதில் வந்ததா ஐயா?" இல்லை என்பேன். கொழும்பு ஒரு கடிதத்தை நம்பி இரண்டு கிழமையில் அவளை வெளியே அனுப்பியது. அதே கையெழுத்தில் போன மற்றக் கடிதத்தை நம்ப அதற்கு மாதங்கள் வேண்டியிருந்தன. நான் மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். வெயில் போய், சோளகக் காற்றுப் போய், மாரி மழை தொடங்கி, வாவி நிரம்பி வீதி ஓரம் வரை வந்தது. தற்காலிகம் என்ற சொல் அவளுடைய சம்பளத் துண்டில் அப்படியே இருந்தது.

கடைசியில் பதில் வந்தது. இணைக்கப்பட்ட மாதிரி பரிசீலிக்கப்பட்டதில் அது எரிபொருளுடன் தொடர்பற்ற புடவை வகைப் பொருள் எனக் கண்டறியப்பட்டது, சம்பந்தப்பட்ட பணியாளர் மீதான முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது, அவரைக் கடமையில் தொடர அனுமதிப்பதில் ஆட்சேபனை இல்லை. இறுதிப் பந்தியில், எதிர்காலத்தில் எரிபொருளை வடிகட்டுவதற்குப் பொன்னாடை போன்றவற்றைப் பாவிப்பதைத் தவிர்க்குமாறு நான் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தேன். குறை சொல்ல முடியாத கடிதம். இலக்கங்கள் கூட ஒன்றும் விடுபடவில்லை.

மழையோடு மழையாக அதைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு செட்டுக்குப் போனேன். எனக்குப் பின்னால் ஆறேழு வாகனம். அவளிடம் நீட்டினேன். அவள் கையைத் துடைத்து வாங்கினாள், முதல் வரியைப் பார்த்தாள், பிறகு வரிசையைப் பார்த்தாள். பக்கத்துப் பம்பில் நின்றவரைத் தன் இடத்துக்கு வரச் சொல்லிக் கை காட்டினாள்.

"நான் ஓரமா நிண்டு வாசிக்கிறன் ஐயா" என்று சொல்லிவிட்டு, அந்த அறிவித்தல் பலகைக்குக் கீழே, மழை படாத இடத்தில் போய் நின்றாள். பலகையில் யாரோ நீல நிறத்தில் நாலாம் இலக்கத்தைச் செருகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்: அடுத்தவரைக் காக்க வைக்க வேண்டாம்.

இப்போது ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் முதலில் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கிறேன், அதனால் என் கடிதங்களில் பாதி எழுதப்படாமலே போகின்றன. அவள் அந்தப் பதிலை வாசித்து முடித்து, மடித்து, நீலச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் பம்புக்குத் திரும்பி வந்த நாள், வாசல்தோறும் விளக்கு வைக்கும் கார்த்திகை விளக்கீடு.